பூவுக்குப் பின்னால் ஒரு துணி

பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்து நாற்காலியில் ஒரு திண்டு கிடக்கும். நூலிலோ கம்பளியிலோ கையால் பின்னிய உறை. அதன்மேல் ரோஜாவோ கிளியோ பூவேலை. வந்தவர்கள் எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள், "யார் போட்டது?" என்று கேட்பார்கள். உறையைத் திருப்பிப் பார்த்தவர் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். திருப்பினால் ஒரு சாதாரண வெள்ளைத் துணி தெரியும். ஓரத்தில் தையல் இருக்கும், ஆனால் கண்ணில் படாது. இந்தக் கட்டுரை அந்த வெள்ளைத் துணியைப் பற்றியது.

பாகூரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாம் எல்லோரும் ஏரியையும் மூலநாதர் கோவிலையும் பாகூர்ச் செப்பேட்டையும்தான் எழுதுகிறோம். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி செம்பில் இருப்பதால் இன்றும் படிக்கிறோம். துணியில் எழுதியது செம்பைப்போல நிற்காது. கரையானும் அந்துப்பூச்சியும் உப்புக் காற்றும் ஒரு தலைமுறையிலேயே கதையை முடித்துவிடும். அதனால் துணியின் வரலாற்றை, அதைத் தைத்தவர்களின் வரலாற்றை, நினைவிருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது.

உள்துணி, அடித்துணி, லைனிங் என்று நாம் சொல்வதைப் பிரெஞ்சில் தூப்லூர் என்பார்கள். இரட்டை என்று பொருள்படும் தூப்ள் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு துணிக்கு இன்னொரு துணியைத் துணையாகச் சேர்ப்பது, அவ்வளவுதான்.

பின்னலுக்கு ஏன் துணை வேண்டும்?

நெசவுக்கும் பின்னலுக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்கும் இறுகி நிற்கும். எனவே பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் பெரிதாக இழுபடாது. கையால் பின்னியதில் பாவு இல்லை, ஊடை இல்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாகத் தன்னையே கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் கண்ணிகள் வாய் திறந்து நீளும், விட்டால் ஓரளவு சுருங்கும். சட்டைக்கும் காலுறைக்கும் இந்தக் குணம்தான் வேண்டும், உடம்போடு வளைந்து கொடுக்கும்.

அதே பின்னலின்மேல் பூவேலை செய்தால் சிக்கல் ஆரம்பிக்கிறது. பூவேலை நூல் நீளாது. அடியில் இருக்கும் பின்னல் நீளும். நாலு மாதம் உட்கார்ந்து எழுந்தால் ரோஜாவைச் சுற்றிப் பின்னல் தொய்ந்து, பூ மட்டும் சுருங்கிக் குவிந்து நிற்கும். இரண்டையும் சமாதானமாக வைக்கத்தான் மூன்றாவதாக ஒரு நெய்த துணி பின்னால் வருகிறது. இழுவையை அது வாங்கிக்கொள்கிறது. முன்னால் இருப்பவை தம் வடிவம் கெடாமல் இருக்கின்றன.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. எந்தப் பூவேலைக்கும் பின்புறம் ஒன்று இருக்கிறது: முடிச்சுகள், ஓர் இதழிலிருந்து இன்னோர் இதழுக்குத் தாவிய நூல்கள், வெட்டி விட்ட நுனிகள். குழந்தையின் கால்விரல் அதில் மாட்டும், வளையல் மாட்டும், மெட்டி மாட்டும். ஒரு நூல் இழுபட்டால் ஒரு பூவே போய்விடும். உள்துணி அதையெல்லாம் மூடிக் காக்கிறது.

பிரெஞ்சில் துணியின் முன்புறத்துக்கு ஆந்த்ருவா, பின்புறத்துக்கு ஆன்வேர். பின்னல் ஊசியில் போடும் இரண்டு வகைக் கண்ணிக்கும் இதே பெயர்கள்தான். அல்பேர் கமுய் 1937இல் வெளியிட்ட முதல் நூலுக்கு 'ஆன்வேரும் ஆந்த்ருவாவும்' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். எனக்கு அந்தச் சொற்கள் கமுய் மூலம் வரவில்லை. என் அக்கா தமிழ்ப் பள்ளியில் படித்தவர், நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சொல்தா வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து வரும் பார்சல்களில் கம்பளியும் பெண்கள் பத்திரிகைகளும் இருக்கும். அவற்றில் உள்ள பின்னல் குறிப்புகளை நான் உரக்கப் படித்துத் தமிழில் சொல்ல, அக்கா பின்னுவார். "எத்தனை ஆந்த்ருவா, எத்தனை ஆன்வேர், சரியா சொல்லு தம்பி, ஒண்ணு தப்பினாலும் அவுக்கணும்" என்பார். இலக்கணத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணைவிட அந்தக் கண்டிப்புதான் எனக்குப் பிரெஞ்சைக் கற்றுக்கொடுத்தது.

ஊசி வந்த வழி

ஊசிப் பின்னல் நம் மண்ணில் பிறந்ததல்ல. எகிப்தில் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல்களில் சேர்ந்தவை. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், ஐரோப்பியரோடு, முக்கியமாக மிஷன் பள்ளிகளோடு, நம் பக்கம் வந்தது.

புதுச்சேரிக்கு அது வந்ததில் ஓர் ஆண்டை நாம் நினைவில் வைக்க வேண்டும்: 1827. அப்போது இங்கே குவெர்னராக இருந்தவர் தெபசேன் தெ ரிஷ்மோன். நமது பொது நூலகம் அவர் காலத்தில் தொடங்கியதுதான். அதே 1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தார்கள். அந்தச் சபையை 1807இல் பிரான்சில் தோற்றுவித்தவர் அன்னை அன்-மரி ழவுவே. அவர் பிற்காலத்தில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில், மானா என்ற இடத்தில் அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்டவர். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பதோடு கையில் ஒரு தொழிலும் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். கப்ஸ் கோவில் பக்கம் ரோமேன் ரோலன் தெருவில் பழைய பிரெஞ்சு வீடொன்றில் குளூனி கன்னியரின் பூவேலைக் கூடம் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உயரமான கூரைக்கு அடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மேசை விரிப்பிலும் கைக்குட்டையிலும் ஊசி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிரெஞ்சுக் கல்வியில் ஊசி வேலை ஒரு பொழுதுபோக்கல்ல, சட்டத்தில் எழுதிய பாடம். 1882 மார்ச் 28ஆம் தேதிச் சட்டம் பிரான்சில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, பாடங்களின் பட்டியலில் ஆண் பிள்ளைகளுக்கு இராணுவப் பயிற்சியும் பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேலையும் என்று எழுதி வைத்தது. தொடக்கக் கல்விச் சான்றிதழான செர்த்திபிகா பரீட்சையில் பெண்களுக்குத் தையல் ஒரு தேர்வு. அந்தக் காலத்துப் பெண்கள் இதற்குக் கையில் வைத்திருந்த பெரிய புத்தகம் தெரேஸ் தெ தில்மோன் 1886இல் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியம். பூவேலை, பின்னல், குரோஷா, லேஸ் எல்லாம் ஒரே நூலில். பல மொழிகளில் வந்தது. பூவேலை நூலுக்குப் பெயர் பெற்ற டி.எம்.சி. நிறுவனம் 1746இல் முலூஸ் நகரில் தொடங்கியது, தில்மோன் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். நம் பக்கத்தில் பிற்பாடு ஆங்கர் நூல் பரவலாக வந்துவிட்டாலும், "டி.எம்.சி. நூல் சாயம் போவாது" என்று சொல்லும் கிழவிகளை நான் கேட்டிருக்கிறேன்.

நமக்கும் புதிதல்ல

பின்னல்தான் வெளியிலிருந்து வந்ததே தவிர, துணிக்குத் துணி துணையாக வைப்பது நமக்குத் தெரிந்த வேலைதான். தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். நீண்ட குழாய்போல் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக ஆடும். அதில் இருக்கும் யாளியும் பூவும் வரைந்தவை அல்ல, வண்ணத் துணியை வெட்டி அடித்துணியின்மேல் வைத்துத் தைத்தவை. தஞ்சாவூர்ப் பக்கம் இது பேர்போன தொழில். காற்றில் தேரின் உயரத்துக்கு ஆடும் அந்தப் பாரத்தை அடித்துணிதான் தாங்குகிறது.

நீலகிரித் தோடர்களின் புத்துக்குளியில் இதற்கு நேர்மாறானதைப் பார்க்கலாம். வெள்ளைத் துணியில் இழை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடும் அந்தப் பூவேலைக்கு இரண்டு புறமும் பார்க்கத் தகுந்தவை. திருப்பிப் போர்த்தினாலும் குறையில்லை. பின்புறத்தையும் முன்புறமாகவே செய்துவிட்டால் அதை மறைக்கத் துணி எதற்கு? 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூன்றாவது உதாரணம் மாதாகோவில்களில் இருக்கிறது. குருவானவர் பூசைக்கு அணியும் மேலாடையில் பட்டும் சரிகையுமாகக் கனத்த வேலை இருக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்த பிறகு அவை எளிமையாகிவிட்டன. அதற்கு முந்திய உடுப்புகள் நிமிர்ந்து விறைப்பாக நிற்கும், அந்த விறைப்பைக் கொடுத்தது உள்ளே வைத்த துணி. சரிகை வேலையைக் கிழியாமல் ஒரு தலைமுறைக்கு மேல் காத்ததும் அதுதான். உள்துணி கிழிந்தால் பிரித்துப் புதிதாக வைப்பார்கள், முன்புறத்து வேலை அப்படியே இருக்கும்.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது?

புதுச்சேரிக்கும் துணிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த கினே என்ற நீலத் துணி, பிரான்சு வழியாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே பிசின் வியாபாரத்தில் அந்தத் துணியே பணம்போல் கைமாறியது. பிறகு ஆலைகள் வந்தன: சவானா மில், கெப்ளே மில், 1898இல் தொடங்கிய ரோடியர் மில். காகிதத்தில் அதன் பெயர் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், நமக்கு எப்போதும் ரோடியர் மில்தான். 1936 ஜூலை 30ஆம் தேதி, எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்ததை நம் ஊரில் இன்னமும் நினைவுகூர்கிறோம்.

எங்கள் வீட்டில் உள்துணி என்றால் மில் காடாத் துணிதான். சாயம் போடாதது, முரடானது, விலை குறைவு. பூவேலைக்கு நூலைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். உள்துணிக்குத் துண்டு விழுந்தது போதும். அது இல்லாதபோது அப்பாவின் பழைய வேட்டியை வெட்டியும் வைத்திருக்கிறார்கள். பல தடவை துவைத்த வேட்டி இனிச் சுருங்காது, சாயமும் இல்லை. உள்துணிக்கு அதைவிடத் தகுந்தது கிடையாது என்று அக்கா சொல்வார். 2020இல் மில் மூடப்பட்டபோது எத்தனையோ பேருக்குச் சம்பளம் நின்றது. பழைய வீடுகளின் திண்டுகளுக்குள் அந்த மில் துணி இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

வைத்துத் தைத்த முறை

இப்போது வேலையை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே பார்த்தது.

முதலில் உள்துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். புதுத்துணியை அப்படியே வைத்துத் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கும். பின்னல் சுருங்காது. மேலே இருப்பது அலையலையாகக் கிளம்பிவிடும்.

அடுத்து, பின்னலை நனைத்துப் பிழியாமல் துண்டில் வைத்து ஒற்றி எடுத்து, பாயின்மேல் விரித்து, மூலைகளைச் சதுரமாக இழுத்து ஊசி குத்திக் காயவைக்க வேண்டும். கொடியில் போடவே கூடாது. ஈரப் பின்னல் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும்.

காய்ந்த பின்னலை இழுக்காமல் கிடந்த வாக்கில் வைத்துக் காகிதத்தில் அளவெடுத்து, உள்துணியைப் பாவு நேராக இருக்கும்படி, சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள். அந்த அரை அங்குலத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட வேண்டும். உள்துணி பின்னலைவிடப் பெரிதாக இருந்தால் பை மாதிரித் தொங்கும். சிறிதாக இருந்தால் முன்புறம் சுருங்கும்.

பிறகு இரண்டின் பின்புறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவிலிருந்து நான்கு ஓரங்களுக்கும் நாலு விரற்கடைக்கு ஒரு வரிசையாக நீளநீளத் தையல் போடுவார்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவுக்கு வந்து சேரும். இந்தத் தையல் கடைசியில் பிரித்து எடுப்பதற்கானது. பிரெஞ்சில் இப்படித் தற்காலிகமாகத் தைப்பதற்கும் வீடு கட்டுவதற்கும் பாத்தீர் என்ற ஒரே சொல்தான். கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிறகு அவிழ்ப்பதுபோல என்று வைத்துக்கொண்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓரத் தையலில்தான் கைவண்ணம் தெரியும். ஊசி உள்துணியின் மடிப்புக்குள் ஓடி, பின்னலில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் தொட்டு, மறுபடி மடிப்புக்குள் போக வேண்டும். அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல். நூலை இறுக்கக் கூடாது. பின்னல் கொஞ்சம் அசைய இடம் விட வேண்டும். "இறுக்கினா அழகா இருக்கும், ஆனா நிலைக்காது" என்பது அக்காவின் வாக்கு. பெரிய பூவாக இருந்தால் அதன் பின்புற நூலையும் உள்துணியையும் அங்கங்கே ஒரு தையலால் பிணைப்பார்கள். முன்னால் ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முழு உள்துணி ஆகாது. குழந்தைக் குல்லா, ஸ்வெட்டர்போல நீண்டு கொடுக்க வேண்டியவற்றில் பூ இருக்கும் இடத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு சிறு மெல்லிய துணியை வைப்பார்கள். ஓட்டை ஓட்டையாகப் பின்னியதென்றால் உள்துணியின் நிறம் வெளியே தெரியும், அதற்குத் தகுந்த நிறம் பார்ப்பார்கள். வெள்ளைப் பின்னலுக்கு அடியில் சிவப்பு வைப்பதானால், அந்தச் சிவப்பைத் தனியே நாலு முறை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் கையில் எடுப்பார்கள்.

ஒரு திண்டு உறைக்கு இந்த வேலை மட்டும் இரண்டு முழுப் பகல் பிடிக்கும். நன்றாக முடிந்தால், வேலை நடந்ததே தெரியாது.

நாகர்கோவில் முதல் நர்சாப்பூர் வரை

ஊசி வேலை கற்ற பெண்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? இந்தக் கேள்விக்கு நாம் புதுச்சேரி எல்லைக்கு வெளியேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

1819இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா அம்மையார் அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. 1855இல்தான் ஒழிந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். ஊசி வேலை பெண்ணை வீட்டுக்குள் அடக்கி வைக்கும் பாடம் என்று பொதுவாகச் சொல்வோம். அந்தப் பெண்களுக்கு அதுவே கதவைத் திறந்திருக்கிறது. அதே குமரிப் பகுதியில் முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர், தம் நாட்டு லேஸ் கலையை ஆதரவற்ற பெண்களின் பிழைப்புக்கு வழியாக்கினார்.

ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் நர்சாப்பூர் இருக்கிறது. நமது ஏனாமிலிருந்து வெகு தூரமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிஷனரித் தம்பதிகள் மூலம் அங்கே வேரூன்றிய குரோஷா லேஸ், பிற்பாடு கடல் தாண்டி விற்கும் வியாபாரமாகியது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அதை ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆயிரக்கணக்கான பெண்கள் நாள் முழுக்கப் பின்னுகிறார்கள். வியாபாரிகள் ஏற்றுமதி செய்து பணம் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கணக்கில் தொழிலாளிகளாக வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று அந்த வேலைக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் கூலியையும் குறைவாக வைக்க முடிந்தது என்பது அவர் கண்டது.

பதிவேட்டில் இல்லாத தொழில்

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. நான் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சு நாட்டுரிமைக்கும் சொல்தா பென்ஷனுக்கும் எத்தா சிவில் நகல் கேட்டு வருபவர்களுக்காகப் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறேன். அழகான சாய்வெழுத்து. தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் உழவர், நெசவாளர், கூலியாள், வண்டிக்காரர் என்று தொழில் இருக்கும். தாய் பெயருக்குப் பக்கத்தில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஒரே வாசகம்: சான் ப்ரொஃபெசியோன். தொழில் இல்லாதவள். நடவு நட்டவளும் தொழில் இல்லாதவள், தறிக்கு நூல் சுற்றியவளும் தொழில் இல்லாதவள், இரவு விளக்கில் பூப் போட்டவளும் தொழில் இல்லாதவள். 1954 நவம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகு ஆட்சி மாறியது, பதிவேட்டின் மொழியும் மாறியது. அந்தக் கட்டத்தில் எழுதும் சொல் மட்டும் மொழிபெயர்ந்து அப்படியே வந்தது: 'வீட்டு வேலை'.

ஒரு சமயம் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஓர் ஆயா வந்திருந்தார். கைம்பெண், பிள்ளைகள் இல்லை.

"என்ன வேலை செய்தீங்க ஆயா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல தம்பி. சும்மா வீட்லதான் இருந்தேன்."

கைநாட்டு வைக்க விரலை நீட்டினார். சுட்டுவிரல் நுனி காய்த்துப்போய், பொடிப் பொடிப் புள்ளியாக இருந்தது.

"விரல் ஏன் இப்படி இருக்குது?"

"அதுவா? கான்வென்டு அம்மாங்க குடுத்தனுப்புவாங்க. உள்துணி வெச்சுத் தெச்சுக் குடுப்பேன். உருப்படிக்கு இவ்ளோன்னு குடுப்பாங்க."

"எத்தனை வருஷம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கண்ணாலம் ஆயி வந்ததுலேருந்து, கண்ணு தெரியற வரைக்கும்."

நாற்பது வருஷமாவது இருக்கும். அந்த மனுவில் தொழிலுக்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் தையல் தொழிலாளி என்று எழுதினேன். மேலே போன இடத்தில் ஒருவர் அதைச் சிவப்பு மையால் அடித்து 'வீட்டு வேலை' என்று திருத்தி அனுப்பினார். எந்தத் தையற்கடையிலும் வேலை பார்த்ததற்குச் சான்று இல்லையாம். உதவித்தொகை கிடைத்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வருஷ வேலை ஒரு சிவப்புக் கோட்டில் போனதை நான் மறக்கவில்லை. ஆயாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் "சும்மாதானே இருந்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கே அது தொழிலாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

யாருடைய எழுத்து?

பிரெஞ்சுப் பள்ளிகளில் சிறுமிகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் தையல்களில் ஒன்று, துணியில் எழுத்து போடுவது. ஒரு சிறு சதுரத் துணியில் சிவப்பு நூலால் குறுக்குத் தையலில் அ முதல் கடைசி வரை எழுத்துகள், கீழே எண்கள். அது கைவந்த பிறகு படுக்கை விரிப்பு, கைத்துண்டு, மேசை விரிப்பு எல்லாவற்றின் மூலையிலும் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவார்கள். வெள்ளைக்காரர் வீடுகளிலும், அவர்களைப் பார்த்து வசதியான நம்மவர் வீடுகளிலும் அந்த வழக்கம் இருந்தது. பழைய பெட்டிகளைத் திறந்தால் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம்.

அவையெல்லாம் துணிக்கு உடைமைக்காரரின் எழுத்துகள். தைத்தவரின் எழுத்து எதிலும் இல்லை. எழுத்துப் போடத் தெரிந்த கை, தன் பெயரை மட்டும் எங்கும் போடவில்லை.

இன்று அந்த வேலையைச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். திண்டு உறை கடையில் கிடைக்கிறது. உள்துணிக்குப் பதில் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பசைத்துணி வந்துவிட்டது. ஒட்டினால் இரண்டு நிமிஷம். ஆனால் பின்னலுக்கு அது ஒத்துவராது. சில சலவையில் பசை விட்டு உப்பிக்கொள்ளும், பிரித்து மாற்றவும் முடியாது. ஊசியால் வைத்த உள்துணியை எப்போது வேண்டுமானாலும் பிரித்து மாற்றலாம். பேத்திகள் இப்போது ஆர்வமாக இணையத்தில் பார்த்துப் பின்னுகிறார்கள், பூவும் போடுகிறார்கள். உள்துணி வைப்பதைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். மேலே எழுதியிருக்கும் முறையை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில் அம்மாவோ ஆயாவோ அத்தையோ செய்த இப்படி ஒரு பொருள் இருந்தால் எடுத்து வெயில் காட்டுங்கள். பழைய உள்துணி பழுப்பேறி, ஓரம் கிழிந்திருக்கும். அதைப் பிரித்து, அலசிக் காயவைத்த புதுத்துணியை வையுங்கள். பழைய வேட்டி இருந்தால் இன்னும் நல்லது. மூடித் தைப்பதற்கு முன்னால் அந்தத் துணியின் மூலையில் நூலால் செய்தவர் பெயரைப் போடுங்கள். பூப் போட்டது ஒருவர், உள்துணி வைத்தது வேறொருவர் என்றால் இரண்டு பெயரையும் போடுங்கள். ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாகூர், குருவிநத்தம், சேலியமேடு, மங்கலம், வில்லியனூர், எதுவானாலும். தெரிந்தால் வருஷமும்.

எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே திண்டு உறைக்குப் போன மாதம் உள்துணி மாற்றினோம். என் மகள் தைத்தாள், நான் நூல் கோத்துக் கொடுத்தேன். மூலையில் அக்காவின் பெயர் சிவப்பு நூலில் இருக்கிறது. பின்பக்கத்து மூலைதான், யார் கண்ணிலும் படாது. அடுத்து உள்துணி மாற்றப்போகிறவர் பார்ப்பார்.